தொண்டு நிறுவனக் குழு உறுப்பினர்களின் ஈடுபாட்டை எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு தொண்டு நிறுவனம் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் ஒன்றில் இயங்குகிறது: பத்திரம் எழுதிப் பதிவு செய்த அறக்கட்டளை, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் உரிமம் பெற்ற லாப நோக்கற்ற கம்பெனி. முதலாவதில் இருப்பவர் அறங்காவலர், இரண்டாவதில் நிர்வாகக் குழு உறுப்பினர், மூன்றாவதில் இயக்குநர். பெயர் வேறானாலும் கவலை ஒன்றுதான் என்பதால் மூவரையும் இங்கே குழு உறுப்பினர் என்றே குறிப்பிடுகிறேன். நான் இரண்டு சங்கங்களில் உறுப்பினராகவும் ஒன்றில் செயலாளராகவும் இருந்திருக்கிறேன். கீழே உள்ள கேள்விகள் அந்த ஆண்டுகளில் மற்றவர்கள் என்னிடம் கேட்டவை. சில, நானே என்னைக் கேட்டுக்கொண்டவை.

கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர் ஈடுபாடு உள்ளவர்தானே?

வருகைப் பதிவேடு வராதவரைப் பற்றி ஏதோ சொல்கிறது. வந்தவரைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. நான் இருந்த ஒரு சங்கத்தில் பதினொரு உறுப்பினர்களும் ஓர் ஆண்டு முழுவதும் ஒரு கூட்டம் விடாமல் வந்தோம். அந்த ஆண்டில்தான் ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதித் தொகை ஏழு மாதம் கட்டப்படாமல் கிடந்தது. ஆடிட்டர் வந்து கேட்கும்வரை பதினொரு பேரில் ஒருவருக்கும், என்னையும் சேர்த்துத்தான், அது தெரியாது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஊழியர் நலன் என்று ஒரு பொருள் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. ஒவ்வொரு முறையும் 'திருப்திகரமாக உள்ளது' என்று பதிவானது.

ஆகவே வருகையை எண்ணுவதோடு நிற்காமல் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இவர் குழுவில் இல்லாமல் இருந்திருந்தால் கடந்த ஓராண்டில் எடுத்த முடிவுகளில் எது வேறு விதமாகப் போயிருக்கும்? ஒரு கட்டட ஒப்பந்தத்துக்கு மூன்றாவது விலைப்புள்ளி வாங்கச் சொன்னது இவர், விடுதிக் காப்பாளர் நியமனத்தை ஒரு மாதம் தள்ளிவைத்து முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிக்கச் சொன்னது இவர் என்று ஒன்றாவது கிடைத்தால் அவர் ஈடுபாடு உள்ளவர். நெடுநேரம் யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லையென்றால், அவருடைய வருகை நூறு சதவீதமாக இருந்தாலும் அவர் இருக்கிறார் என்று மட்டுமே சொல்ல முடியும்.

சட்டம் குறைந்தபட்சமாக எதை எதிர்பார்க்கிறது?

மூன்று வடிவங்களுக்கும் மூன்று அளவுகோல்கள் உண்டு. 8ஆம் பிரிவுக் கம்பெனிக்கு, 2015 ஜூனில் வெளியான விலக்கு அறிவிக்கையின்படி, ஆறு மாதங்களுக்கு ஒரு கூட்டமாவது நடந்தால் போதும். மொத்த இயக்குநர்களில் கால் பங்கு அல்லது எட்டுப் பேர், இரண்டில் எது குறைவோ அதுவே கோரம் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை), ஆனால் இரண்டு பேருக்குக் குறையக் கூடாது. அதே சட்டத்தின் 167ஆம் பிரிவை மட்டும் பலர் கவனிப்பதில்லை. பன்னிரண்டு மாத காலத்தில் நடந்த எந்தக் கூட்டத்துக்குமே வராத இயக்குநரின் பதவி தானாகவே காலியாகிவிடும், அவர் அனுமதி கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும். 'இன்னார் வர இயலாமை தெரிவித்தார், குழு ஏற்றுக்கொண்டது' என்று வழக்கமாக எழுதுகிறோமே, அந்த வரி ஓராண்டுக்கு மேல் யாரையும் காப்பாற்றாது.

சங்கத்துக்கு மூன்று பேருக்குக் குறையாத குழு இருக்க வேண்டும். குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை.

அறக்கட்டளைக்கு எத்தனை கூட்டம் என்பதை அதன் பத்திரமே சொல்ல வேண்டும். 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்காக இயற்றப்பட்டதே என்றாலும், அதன் பொதுக் கோட்பாடுகளைப் பொது அறக்கட்டளைகளுக்கும் நீதிமன்றங்கள் பொருத்திப் பார்க்கின்றன. அறங்காவலர் தம் கடமையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்க முடியாது என்பது அச்சட்டத்தின் 47ஆம் பிரிவு. பத்திரம் வேறு விதமாகச் சொல்லாதவரை அறங்காவலர்கள் எல்லோரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்பது 48ஆம் பிரிவு. 'எல்லாவற்றையும் நிர்வாக அறங்காவலர் பார்த்துக்கொள்வார், நாங்கள் பேருக்கு இருக்கிறோம்' என்று ஒருவர் பெருந்தன்மையோடு சொல்லும்போது, தாம் ஏற்ற கடமையிலிருந்து தவறியதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார் என்பது அவருக்குத் தெரிவதில்லை.

மினிட்ஸ் புத்தகத்தை (கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டை) படித்தால் ஈடுபாடு தெரியுமா?

தெரியும். ஒரு குழுவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாத நிலையில் ஒரே ஓர் ஆவணத்தைப் பார்க்கலாம் என்றால் நான் கேட்பது மினிட்ஸ் புத்தகத்தைத்தான். ஆனால் அதைத் தீர்மானங்களுக்காகப் படிக்கக் கூடாது; தீர்மானங்களுக்கு இடையில் என்ன இருக்கிறது என்று படிக்க வேண்டும்.

முதலில், எல்லாத் தீர்மானங்களும் 'ஒருமனதாக' நிறைவேறியிருக்கின்றனவா என்று பார்க்கவும். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு பொருளாவது தள்ளிவைக்கப்படாமல், திருத்தப்படாமல், கேள்விக்கு உள்ளாகாமல் இருந்தால், ஒன்று அந்தக் குழு பேசுவதில்லை, அல்லது பேசியதை எழுதும் வழக்கம் அங்கே இல்லை. இரண்டில் எது என்பதைச் செயலாளரிடம் பத்து நிமிடம் பேசினால் கண்டுகொள்ளலாம்.

அடுத்து, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள். ஒன்பது பேர் குழுவில் எப்போதும் அதே இருவர் முன்மொழிந்து வழிமொழிந்துகொண்டிருந்தால் மற்ற ஏழு பேர் பார்வையாளர்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு: பெயர்கள் வெகு ஒழுங்காகச் சுற்றில் வந்தால், கூட்டம் நடப்பதற்கு முன்பே மினிட்ஸ் எழுதப்பட்டுவிட்டது என்று சந்தேகிக்கலாம். கூட்டம் நடக்காமலேயே புத்தகம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வரும் வழக்கம் நம் ஊரில் புதிதல்ல. ஒரே நாளில் பல பக்கங்களில் போட்ட கையெழுத்து, மையின் நிறத்திலும் எழுத்தின் அவசரத்திலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக, சென்ற கூட்டத்தில் எடுத்த முடிவுகள் என்ன ஆயின என்ற பகுதி. இந்தப் பகுதி இருக்கும் குழுவில், முடிவெடுத்தவர்கள் அதை மறுபடி நினைத்துப் பார்க்கிறார்கள். அங்கே ஒரு வேலைக்கு எதிரே ஓர் உறுப்பினரின் பெயர் எழுதப்பட்டு, அடுத்த கூட்டத்தில் 'முடிந்தது' என்றோ, ஏன் முடியவில்லை என்றோ குறிப்பு இருந்தால், அந்தப் பெயருக்கு உரியவர் இரண்டு கூட்டங்களுக்கு இடையிலும் உறுப்பினராக இருந்திருக்கிறார்.

கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாத உறுப்பினரை என்ன சொல்வது?

அவசரப்பட்டு ஒன்றும் சொல்ல வேண்டாம். கூட்டம் தமிழில் நடக்கும், ஆனால் வரவு செலவு அறிக்கையும் திட்ட முன்மொழிவும் ஆங்கிலத்தில், அதுவும் கூட்டம் தொடங்கும்போது மேசைமேல் வைக்கப்படும். பயனாளிகளின் பிரதிநிதியாகக் குழுவுக்கு வந்த மகளிர் சுய உதவிக் குழுத் தலைவியோ, ஊரில் முப்பது ஆண்டு ஆசிரியராக இருந்தவரோ அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தால், அது அக்கறையின்மை அல்ல. நான் செயலாளராக இருந்தபோது இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை ஒரு வாரம் முன்னதாக வீட்டுக்கே அனுப்பினேன். அதுவரை ஐந்து கூட்டங்களில் வாய் திறக்காதிருந்த ஓர் அம்மா அடுத்த கூட்டத்தில், 'மாவு மில்லுக்கு மின் கட்டணம் இவ்வளவு வருமா? எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய மில் ஓடுகிறது, பாதிகூட வருவதில்லையே' என்று கேட்டார். விசாரித்தபோது இணைப்பு தவறான கட்டண வகையில் இருந்தது தெரிந்தது. படித்த நாங்கள் எட்டுப் பேர் அந்த எண்ணைப் பலமுறை பார்த்திருந்தோம்.

உறுப்பினர் கணக்கைப் படித்திருக்கிறார் என்று எப்படி அறிவது?

படித்தீர்களா என்று கேட்டால் எல்லோரும் படித்ததாகவே சொல்வார்கள். அதற்குப் பதிலாக, கூட்டத்துக்கு வெளியே, சாதாரணப் பேச்சில், கீழே வருவது போன்ற கேள்விகளைத் தலைவர் கேட்டுப் பார்க்கலாம்.

வங்கியில் இருக்கும் தொகையில் நம் விருப்பப்படி செலவிடக்கூடியது எவ்வளவு? வங்கி இருப்பு நாற்பது லட்சமாக இருக்கலாம். அதில் முப்பத்தைந்து லட்சம் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்காகக் கொடையாளர் தந்ததாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை அறியாத உறுப்பினர், நிறுவனம் வசதியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டே அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பணமில்லாத நிலைக்கு அதைக் கொண்டுபோய் விடுவார். செலவழிக்காமல் முதலாகவே வைத்திருக்க வேண்டிய மூலநிதிக்கும் ஆண்டு வருமானத்துக்கும் உள்ள வேறுபாடும் இதே வகைதான்.

வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனமாக இருந்தால் இன்னொரு கேள்வி: அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்? 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தம் இந்த உச்ச வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது; பெற்ற தொகையை வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதையும் தடை செய்தது; பணம் முதலில் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும் என்றும் வைத்தது. உறுப்பினர் இந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு வரம்பு இருக்கிறது, நாம் அதற்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆடிட்டர் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தில் என்ன குறை சொல்லியிருந்தார் என்பதும் நல்ல கேள்வி. பல குழுக்களில் அந்தக் கடிதம் செயலாளரின் மேசையைத் தாண்டி வருவதே இல்லை என்பதால், தெரியாது என்ற விடை வந்தால் குற்றம் யாருடையது என்பதை அப்புறம்தான் தீர்மானிக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் உடனுக்குடன் பதில் போடுகிறாரே?

கைகூப்பும் படத்தையும் 'வாழ்த்துகள் சார்' என்பதையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தீர்மான வரைவை அனுப்பியபோது 'மூன்றாவது பத்தியில் தொகை தவறாக இருக்கிறது' என்று எழுதியிருந்தால் எடுத்துக்கொள்வேன்.

குழு உறுப்பினர் கட்டாயம் நன்கொடை தர வேண்டுமா?

அமெரிக்காவில் பல தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொரு குழு உறுப்பினரும் ஆண்டுதோறும் தம் கையிலிருந்து ஏதாவது தர வேண்டும், அல்லது திரட்டித் தர வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கின்றன. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால், பயனாளிகளிலிருந்து வந்த உறுப்பினர் முதல் ஆண்டிலேயே கூசிப்போய் விலகுவார். பணத்தை அளவுகோலாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வசதியுள்ள ஒருவர் பிறரிடம் கையேந்தப் போகும் நிறுவனத்துக்குத் தாம் ஒரு ரூபாயும் தராமல் பல ஆண்டுகள் குழுவில் அமர்ந்திருந்தால், அவருக்கு இந்த நிறுவனத்தின்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கடிதத்தாளில் பெயர் இருந்தாலே போதும் என்று பெரிய மனிதர்களைச் சேர்க்கிறோம். அவர்களையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டுமா?

வேண்டும். ஓய்வுபெற்ற உயர் அதிகாரி, பெயர்பெற்ற மருத்துவர், தொழிலதிபர் ஆகியோரைப் புரவலர் அல்லது ஆலோசகர் என்று வைத்துக்கொள்வதில் எந்தத் தீங்கும் இல்லை. குழுவில் வைத்தால் கோரத்துக்கு அவர்களை எண்ண வேண்டியிருக்கிறது, பொறுப்பும் அவர்கள்மேல் விழுகிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் அவர்களுடைய ஆதார் விவரமும் கொடுக்கப்படுகிறது. ஏதாவது தவறு நடந்தால் விளக்கம் கேட்கும் கடிதம் அவர்களுக்கும் போகும். பொது அறக்கட்டளையில் நம்பிக்கை மோசடி நடந்ததாகக் கருதினால், அக்கறையுள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதி பெற்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடுக்க முடியும். இதையெல்லாம் சொல்லாமல் ஒருவரின் பெயரை வாங்கிப் போட்டுக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எல்லாவற்றிலும் தலையிடுகிறவரும் ஈடுபாடு உள்ளவர்தானே?

தினமும் அலுவலகத்துக்கு வந்து, ஓட்டுநருக்கு எத்தனை மணிக்கு விடுப்பு, வாசலுக்கு என்ன வண்ணம் என்று தீர்மானிக்கும் உறுப்பினரை எல்லோரும் அறிவோம். அவருடைய அன்பு உண்மையானது, அதைக் கொச்சைப்படுத்தக் கூடாது. ஆனால் அவர் செய்வது ஊழியரின் வேலை. குழுவின் வேலை அங்கே யாரும் செய்யாமல் கிடக்கும். அடையாளம் எளிது: அவரால் எந்த அறைக்குப் புது மின்விசிறி வேண்டும் என்று சொல்ல முடியும், அடுத்த மூன்று ஆண்டுகளில் நிறுவனம் எந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று கேட்டால் சொல்ல முடியாது. தன்னார்வலராகத் தொடரச் சொல்லி, நேரே அவரிடமே இதைப் பேசிவிடுவது நல்லது.

குழுவில் எல்லோரும் நிறுவனரின் குடும்பத்தினர். ஈடுபாட்டுக்குக் குறைவில்லை. என்ன பிரச்சினை?

ஈடுபாடு யாருக்காக என்பதுதான் பிரச்சினை. நிறுவனர், அறங்காவலர், அவர்களுடைய உறவினர் ஆகியோருக்கு நிறுவனத்தின் வருமானமோ சொத்தோ பயன்பட்டால் வரிவிலக்குக்கு ஆபத்து என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வைத்திருந்தது. அதன் இடத்தில் வந்துள்ள 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்தத் தடை தொடர்கிறது. குடும்பக் குழு எல்லாம் தவறானது என்று நான் சொல்லவில்லை. மிகச் சிறப்பாக நடக்கும் பள்ளிகளும் முதியோர் இல்லங்களும் அப்படித் தொடங்கியவையே. ஆனால் மைத்துனரின் கட்டடத்துக்கு வாடகை நிர்ணயிக்கும் தீர்மானம் வரும்போது, அவர் தம் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லி, எழுந்து வெளியே போனாரா, அது பதிவானதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அறையில் மிச்சம் இருப்பவர்களில் உறவில்லாதவர் ஒருவர்கூட இல்லை என்றால், அங்கே கேள்வி கேட்பதற்கே ஆள் இல்லை.

மதிப்பெண் போடும் படிவங்கள் பயன்படுமா?

ஓரளவுக்கு. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் நம்மவர்கள் எல்லோருக்கும் நான்கு போடுவார்கள், தமக்கு மட்டும் அடக்கத்தோடு மூன்று. அதைவிட, தலைவர் ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு உறுப்பினரையும் தனியே சந்தித்து அரை மணி நேரம் பேசுவது எவ்வளவோ மேல். இந்த ஆண்டு எந்த முடிவு உங்களுக்கு உறுத்தியது, அதைக் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை, அடுத்த ஆண்டு எந்த ஒரு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்று மூன்றே கேள்விகள் போதும். தலைவரை யார் சந்திப்பது என்று கேட்பீர்கள்: குழுவிலேயே மூத்த, பதவி எதுவும் வகிக்காத ஒருவர். சம்பளம் பெறும் ஊழியர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. தம்மை நியமிப்பவர்களுக்கு அவர் எப்படி மதிப்பெண் போடுவார்?

குழு செயலற்றுக் கிடப்பதற்கு உறுப்பினர்கள்தான் காரணமா?

பாதி நேரம் இல்லை. குழு தூங்குகிறது என்று குறை சொல்கிற செயலாளரிடம், தாலாட்டியது யார் என்று கேட்கத் தோன்றும். நிகழ்ச்சி நிரல் முந்தின இரவு வருகிறது; ஏற்கெனவே முடிந்துபோன விஷயம் 'ஒப்புதலுக்காக' வைக்கப்படுகிறது; கேள்வி கேட்டவரிடம் 'உங்களுக்கு எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா' என்று திருப்பிக் கேட்கப்படுகிறது. இப்படி இரண்டு ஆண்டு நடந்தால் எவ்வளவு துடிப்பானவரும் காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடப் பழகிவிடுவார். நானும் செயலாளராக இருந்த முதல் ஆண்டில் இதையே செய்தேன். கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்ததைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

ஆகவே உறுப்பினரை எடைபோடும் முன் மூன்று கூட்டங்களுக்காவது நிலைமையை மாற்றிப் பார்க்க வேண்டும். ஏழு நாள் முன்பே தமிழில் காகிதங்கள், இன்னும் முடிவாகாத ஒரு கேள்வியாவது நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக, உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பணி நடக்கும் இடத்துக்குப் போய்வர ஏற்பாடு. அதற்குப் பிறகும் அசையாதவரைத்தான் ஈடுபாடு இல்லாதவர் என்று நியாயமாகச் சொல்ல முடியும்.

வெளிநாட்டில் அல்லது வெளியூரில் இருக்கும் உறுப்பினரை எப்படி அளப்பது?

மற்றவர்களைப் போலவேதான். காணொளி வழிக் கூட்டத்தைக் கம்பெனிகள் சட்டம் ஏற்கிறது. சங்கமும் அறக்கட்டளையும் தம் துணை விதிகளிலோ பத்திரத்திலோ அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈடுபாடு இல்லாதவரை எப்படி விலகச் சொல்வது?

பதவிக்காலம் முடியும் நேரமே சிறந்த நேரம். அறக்கட்டளைப் பத்திரத்தில் ஆயுட்கால அறங்காவலர் என்று எழுதிவைத்தவர்களுக்குத்தான் இது பெரும் தலைவலி. பத்திரத்தில் திருத்தத்துக்கு இடம் இருந்தால், ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் கலந்து, இனி வருபவர்களுக்காவது கால வரம்பு வைக்கலாம். நடுவில் விலகச் சொல்ல வேண்டியிருந்தால் தலைவர் வீட்டுக்கே போய்ப் பேச வேண்டும், குழுவின் முன்னால் வைத்துப் பேசக் கூடாது. பலர் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தது போல நிம்மதியாகக் கடிதம் எழுதித் தருவதைக் கண்டிருக்கிறேன். சங்கம் என்றால் குழு மாற்றத்தை மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7இல் தெரிவிக்க வேண்டும். கம்பெனி என்றால் 30 நாட்களுக்குள் டி.ஐ.ஆர்-12 படிவம், வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இருந்தால் முக்கிய நிர்வாகிகள் மாறியதை அங்கேயும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். இவற்றையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு வங்கிக்குப் போக மறந்துவிடுகிறோம். விலகி இரண்டு ஆண்டு ஆனவர் இன்னும் காசோலையில் கையொப்பமிடும் அதிகாரத்தோடு இருப்பதை நான் ஒருமுறை பார்த்தேன். நல்லவேளையாக, அவருக்கு அதிலும் ஈடுபாடு இருக்கவில்லை.